டேட்டா இருந்தும் கோட்டை விட்ட நிறுவனங்கள்: ‘ஃபோர்சைட்’ இப்போது எல்லோருக்கும் தேவைப்படுவது ஏன்?

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்ட நாள். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு இது பேரிடி. காரணம், அந்த ஊரிலிருந்து கிளம்பும் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்போது அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

“ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிப்போச்சு” என்று சொல்வது எளிது. ஆனால் உண்மையிலேயே ஒரே ராத்திரியில் மாறியதா?

2018-ல் சீனாவுடன் அமெரிக்கா வரிப்போரைத் தொடங்கியது. 2019 ஜூனில் இந்தியாவுக்கு அளித்துவந்த ஜிஎஸ்பி வர்த்தகச் சலுகையை ரத்து செய்தது. 2025 ஏப்ரல் 2-ல் ‘பதிலடி வரி’ என்ற பெயரில் இந்தியாவுக்கு 26 சதவீதம் என அறிவித்தது. ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம் அமலுக்கு வந்தது. அதன் பிறகுதான் 50. படிப்படியாக வந்த விஷயம் இது.

ஏற்றுமதியாளர்களிடம் தகவல் இல்லாமல் இல்லை. இன்றைய நூல் விலை, டாலர் மதிப்பு, பங்களாதேஷ்காரர் கொடுக்கும் ரேட், எந்த பையர் எந்த சீசனுக்கு எத்தனை பீஸ் கேட்பார் என்பதெல்லாம் அத்துப்படி. கடினமான கேள்வி வேறு. ‘இந்த நாடே கதவைச் சாத்தினால் என்ன செய்வோம்?’ என்பது அது. அதை ஆர்டர் கொட்டும் காலத்திலேயே கேட்டு, பதிலுக்குக் கொஞ்சம் பணமும் ஒதுக்க வேண்டும்.

முதல் வகைத் தகவலுக்குப் பெயர் மார்க்கெட் இன்டலிஜென்ஸ். இரண்டாவது வகைக் கேள்விக்குப் பெயர் ஸ்ட்ராட்டஜிக் ஃபோர்சைட். இரண்டும் தனித்தனியாக இருந்தால் என்ன ஆகும், சேர்ந்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்ப்போம்.

இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மேட்டூர் அணையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எவ்வளவு என்பது தினமும் செய்தியில் வரும். துல்லியமான, பயனுள்ள தகவல். மார்க்கெட் இன்டலிஜென்ஸ் இந்த மாதிரிதான். வாடிக்கையாளர், போட்டியாளர், விலை, விற்பனை என இப்போது நடப்பதை அளந்து சொல்லும்.

ஆனால் டெல்டா விவசாயி நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நாற்று விடுவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் மழை எப்படி, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்புகின்றனவா என்றும் விசாரிப்பார். அங்கே நிரம்பி வழிந்தால், சில நாட்களில் பிலிகுண்டுலுவைத் தாண்டி மேட்டூருக்குத் தண்ணீர் வந்தே தீரும். பருவமழை பொய்த்துவிட்டால், ஜூன் 12 அன்று அணை திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையும் அவரிடம் இருக்கும். ஃபோர்சைட் என்பது இதுதான். ‘இதுதான் நடக்கும்’ என்று அது ஜோசியம் சொல்வதில்லை. நடக்கக்கூடிய பல எதிர்காலங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நம் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறது.

இந்த ஆற்று உவமை புதிதல்ல. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் ‘சினாரியோ’ முறையை வளர்த்த பியர் வாக், கங்கையை வைத்து இதையே விளக்கினார். மேலே பெருமழை பெய்துவிட்டால் ரிஷிகேஷ், அலகாபாத், காசி என்று வெள்ளம் வரிசையாக வருவது உறுதி. ஏற்கெனவே நடந்துமுடிந்த ஒன்றின் விளைவு இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஷெல் என்ன செய்தது?

1970-களின் தொடக்கத்தில் எண்ணெய் நிறுவனங்களின் திட்டமெல்லாம் ஒரே கணக்கில் ஓடியது. தேவை ஆண்டுதோறும் கூடும், விலை மலிவாகவே இருக்கும் என்பதே அந்தக் கணக்கு. அதுவரையிலான டேட்டாவும் அதைத்தான் காட்டியது.

வாக்கின் குழு எண்ணெய் விற்கும் நாடுகளின் பக்கத்திலிருந்து பார்த்தது. அமெரிக்காவின் சொந்த உற்பத்தி 1970-ல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. மேற்கு நாடுகள் வளைகுடாவை மேலும் மேலும் நம்ப வேண்டிய நிலை. சவுதி போன்ற நாடுகளுக்கோ, வரும் பணத்தையே உடனே செலவழிக்க வழியில்லை. அப்படியானால் அவர்கள் ஏன் வேகமாக எண்ணெய் எடுத்து மலிவாக விற்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. விலை எகிறும் என்பது ஒரு வலுவான சாத்தியமாக அவர்களின் அட்டவணையில் ஏறியது.

1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் வெடித்தது. அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை, 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. போர் எப்போது வரும் என்று ஷெல் கணிக்கவில்லை. ஆனால் அப்படியொரு உலகத்தில் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்ததால், மற்றவர்களைவிடச் சீக்கிரம் சுதாரித்தது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வாக்கின் முதல் சுற்று சினாரியோக்களை மேலாளர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், பழையபடியே முடிவெடுத்தார்கள். அறிக்கை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, முடிவெடுப்பவர் தலைக்குள் இருக்கும் உலகப்படமே மாற வேண்டும் என்று அவர் உணர்ந்தது அதன் பிறகுதான்.

கோடக்கிடம் ரிப்போர்ட் இருந்ததா?

இருந்தது. ‘டிஜிட்டல் வருவதை கோடக் கவனிக்கவில்லை’ என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்வது பாதிக் கதை.

1975-ல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியவரே கோடக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன்தான். சுமார் மூன்றரைக் கிலோ எடை, 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. 1981-ல் சோனி தன் ஃபிலிம் இல்லாத ‘மாவிகா’ கேமராவை அறிமுகப்படுத்தியதும் கோடக் பதறியது. நிறுவனத்தின் மார்க்கெட் இன்டலிஜென்ஸ் தலைவராக இருந்த வின்சென்ட் பராப்பாவிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அவர் கொண்டுவந்த முடிவு: டிஜிட்டல் ஃபிலிமின் இடத்தைப் பிடிக்கக்கூடும், ஆனால் தயாராக கோடக்கிடம் சுமார் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பத்து ஆண்டு எப்படிப் போனது? டிஜிட்டலில் கோடக் பணம் போடாமல் இல்லை. 2005 வாக்கில் அமெரிக்காவின் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில்கூட இருந்தது. ஆனால் கொழுத்த லாபம் தந்தது ஃபிலிம் ரோலும், அதைக் கழுவிப் பிரின்ட் போடும் தொழிலும்தான். புதியது பழையதைச் சாப்பிட்டுவிடக் கூடாது என்ற கவலை ஒவ்வொரு முடிவிலும் உட்கார்ந்திருந்தது. தன் வேதியியல் பிரிவான ஈஸ்ட்மன் கெமிக்கலை 1994-ல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. மருந்துத் தொழிலிலிருந்தும் அதே ஆண்டு வெளியேறியது. 2012 ஜனவரி 19 அன்று திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது.

அதாவது, இன்டலிஜென்ஸ் வேலை செய்தது. ‘பத்து வருஷம் இருக்கு’ என்ற வரி, தயாராவதற்கான கெடுவாக அல்லாமல் தள்ளிப்போடுவதற்கான அனுமதியாகப் படிக்கப்பட்டது.

ஃபியூஜி ஃபிலிம் மட்டும் எப்படித் தப்பியது?

அதே தொழில், அதே ஆபத்து, ஏறத்தாழ அதே தகவல். உலகில் கலர் ஃபிலிம் தேவை 2000-ம் ஆண்டு வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

2003-ல் ஃபியூஜியின் தலைமைச் செயல் அதிகாரியான ஷிகேடகா கோமோரி, 2004-ல் ‘விஷன் 75’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் கேட்ட கேள்வி, ‘ஃபிலிம் போனால் நமக்கு என்ன தெரியும்?’ என்பது. தங்கள் தொழில்நுட்பங்கள் ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, வளரும் சந்தைகளுடன் பொருத்திப் பார்த்தார்கள்.

ஃபிலிம் தயாரிப்பில் மெல்லிய அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசும் கலை அவர்களுக்குக் கைவந்தது. அது எல்சிடி திரைகளுக்கான பாதுகாப்புப் படலமானது. ஃபிலிமின் முக்கியப் பொருளான ஜெலட்டின், கொலாஜனிலிருந்து வருவது. புகைப்படம் மங்காமல் காக்க ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேதியியலும் தெரியும். இரண்டும் சேர்ந்து 2007-ல் ‘அஸ்டாலிஃப்ட்’ என்ற சருமப் பராமரிப்பு வரிசையானது. 2008-ல் டோயாமா கெமிக்கலை வாங்கி மருந்துத் துறையில் காலூன்றினார்கள்.

இது வலியில்லாமல் நடக்கவில்லை. ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனால் நிறுவனம் நின்றது. ‘தேவை சரிகிறது’ என்ற சந்தைத் தகவலும், ‘அதற்குப் பிறகு நாம் யார்?’ என்ற தொலைநோக்குக் கேள்வியும் ஒரே மேஜையில் வைக்கப்பட்டன. அதற்குப் பணமும் ஒதுக்கப்பட்டது. கோடக்குக்கும் ஃபியூஜிக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான்.

ஸ்ரீபெரும்புதூருக்கு என்ன சம்பந்தம்?

இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க 1993-லேயே நாடாளுமன்றக் குழு அமைத்த நாடு ஃபின்லாந்து. அந்த நாட்டின் பெருமை நோக்கியா. 2007-ல் உலகில் விற்ற பத்து போன்களில் ஏறத்தாழ நான்கு நோக்கியாவுடையவை.

2004-லேயே டச் ஸ்கிரீன் போன் ஒன்றை நோக்கியா அறிவித்திருந்தது. ஐபோன் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் அதற்குத் தெரியும். பிறகு எங்கே சறுக்கியது? டிமோ வூரி, குய் ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள் 76 பேரிடம் பேட்டி எடுத்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது பயம். மேல்மட்டத்துக்குப் போட்டியாளர்களையும் முதலீட்டாளர்களையும் நினைத்துப் பயம். நடுமட்டத்துக்கு மேல்மட்டத்தை நினைத்துப் பயம். சிம்பியன் மென்பொருள் தேறாது என்பதைக் கீழே இருப்பவர்கள் அறிந்திருந்தாலும், அந்த உண்மை மேலே போகும் வழியில் இனிப்பு தடவப்பட்டது. தகவல் இருந்தது, போய்ச் சேரவில்லை.

அந்த மௌனத்தின் விலையில் ஒரு பகுதி சென்னைக்கு அருகே வசூலிக்கப்பட்டது. 2006-ல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையில், உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. இந்திய வருமான வரித்துறையுடனான வழக்கால் ஆலை முடக்கப்பட்டிருந்ததால், அது இந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது.

வரி வழக்கு இல்லாவிட்டால் கதை கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் ஸ்மார்ட்போன் போட்டியில் தோற்றுப்போன நிறுவனத்தின் ஆலை அது என்பது மாறியிருக்காது. பிறகு அந்த வளாகத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. நடுவில் போன ஆண்டுகள் அந்தத் தொழிலாளர்களுக்குத் திரும்பி வராது.

சரி, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பெரிய கன்சல்டிங் நிறுவனம் தேவையில்லை. ஒரு திருப்பூர் யூனிட்டையே எடுத்துக்கொள்வோம்.

1. உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல்-வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்துவிட்டது. துணி எங்கிருந்து, எப்படி வந்தது என்று கேட்பது இனி கூடுமே தவிரக் குறையாது. உலகச் சந்தை பருத்தியிலிருந்து செயற்கை இழைப் பக்கம் நகர்வதும் நீண்டகாலப் போக்கு. இவை குடகில் பெய்துவிட்ட மழை. அமெரிக்க வரி எவ்வளவு என்பது இன்னும் பெய்யாத மழை. ஏறலாம், இறங்கலாம்.

2. மூன்று, நான்கு கதைகள் எழுதுங்கள். ‘நல்லது, கெட்டது, நடுவானது’ என்று மட்டும் எழுதினால் எல்லோரும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொன்றும் தனி உலகமாக இருக்கட்டும். ‘அமெரிக்கா மூடியது, பிரிட்டன் திறந்தது’ ஒன்று. ‘எல்லாச் சந்தையும் திறந்திருக்கிறது, ஆனால் பருத்திக்கு மவுசு இல்லை’ இன்னொன்று.

3. ஒவ்வொரு கதைக்கும் ஓர் அறிகுறி வையுங்கள். இங்கேதான் மார்க்கெட் இன்டலிஜென்ஸ் மறுபடி உள்ளே வருகிறது. இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது ஓர் அறிகுறி. பையர்கள் அனுப்பும் விசாரணைகளில் பாலியஸ்டர் எத்தனை சதவீதம் என்பது இன்னோர் அறிகுறி. டேஷ்போர்டில் நூறு எண்கள் இருப்பதைவிட, இப்படிப்பட்ட ஆறு எண்கள் மேல்.

4. எல்லாக் கதைக்கும் பொருந்தும் வேலையை இன்றே தொடங்குங்கள். எந்த எதிர்காலம் வந்தாலும் வீணாகாத முதலீடு எது? ஒரே நாட்டு பையரை நம்பியிருக்கும் அளவுக்கு உச்சவரம்பு வைப்பது ஒரு வழி.

5. கெட்ட செய்தி மேலே போக வழி விடுங்கள். நோக்கியா சொல்லித்தரும் பாடம். ‘இது வேலைக்காகாது சார்’ என்று சொன்னவருக்கு அடுத்த அப்ரைசலில் என்ன நடக்கிறது என்பதைத்தான் மற்றவர்கள் கவனிப்பார்கள்.

நான்காவது வேலைக்குத் திருப்பூரிலேயே பழைய உதாரணம் உண்டு. நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்த வேண்டும் என்று 2006-லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. பலர் ஒத்திப்போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்தது. கட்டாயத்தின் பேரில் வந்தவைதான் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்கள். செலவு அதிகம்தான், ஆனால் இன்று ஐரோப்பிய பையர்களிடம் திருப்பூர் பெருமையாகச் சொல்வது அதைத்தான். முன்கூட்டியே செய்திருந்தால் அந்தப் பெருமை இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும்.

இதில் ஓட்டையே இல்லையா?

உண்டு. முதலாவது, எல்லா அறிகுறியும் நிஜமாகாது. வராத வெள்ளத்துக்குக் கரை கட்டியே காசு தீர்ந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது. சின்ன யூனிட்டுக்கு இது உண்மையான பயம். அதனால்தான் முதலில் சிறிய, திரும்பப் பெறக்கூடிய முதலீடுகள்.

இரண்டாவது, தெரிந்துகொள்வது வேறு, செய்வது வேறு. சினாரியோ முறைக்குப் பேர்போன ஷெல்லே இதற்கும் உதாரணம். பருவநிலை மாற்றத்தின் ஆபத்தை விளக்கி 1991-ல் அதுவே ஒரு படம் வெளியிட்டது. அதன் பிறகும் அதன் பிரதானத் தொழில் எண்ணெயும் எரிவாயுவும்தான். எதிர்காலம் இன்றைய லாபத்துக்கு எதிராக இருந்தால், எவ்வளவு நல்ல அறிக்கையும் அலமாரிக்குப் போகும்.

யாருடைய எதிர்காலம்?

மூன்றாவது சிக்கல்தான் நமக்கு நெருக்கமானது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணம், ‘எதிர்காலத்துக்குத் தயாரான’ நிறுவனமாக மாறுவது. நிறுவனம் எதிர்காலத்தைப் பார்க்கிறது, சரி. அந்தப் படத்தில் தன் இடம் எது என்று ஊழியருக்கு எப்போது தெரிகிறது? பெரும்பாலும் ஹெச்ஆர் மீட்டிங் அழைப்பு வரும் அன்றுதான்.

ஃபோர்சைட் மேல்மாடியில் பூட்டி வைத்திருக்கும் ரகசியமாக இருந்தால், அதன் பலன் மேலேயும் சுமை கீழேயும் போகும். ஷாப் ஃப்ளோரில் நிற்பவர், வாடிக்கையாளரிடம் தினமும் பேசும் சப்போர்ட் எக்ஸிகியூட்டிவ், சரக்கு ஏற்றும் சூப்பர்வைசர் எல்லோரும் மாற்றத்தின் முதல் வாசனையைப் பிடிப்பவர்கள். அவர்களிடம் கேட்பதும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்வதும் நல்ல மனசுக்காக மட்டும் செய்யும் காரியமல்ல. நிறுவனத்துக்கு அதைவிட மலிவான மார்க்கெட் இன்டலிஜென்ஸ் கிடைக்காது.

அதுவரை, அதே கேள்விகளை நம் வேலைக்கும் கேட்டு வைக்கலாம். உங்கள் வருமானத்தில் எவ்வளவு, ஒரே ஒரு திறமையையோ ஒரே ஒரு கிளையன்ட்டையோ நம்பியிருக்கிறது? உங்கள் துறையில் ஏற்கெனவே பெய்துவிட்ட மழை எது? எந்த மூன்று அறிகுறிகள் தெரிந்தால் நீங்கள் நகர வேண்டும்? பதிலை ஒரு தாளில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோடக்குக்குப் பத்து ஆண்டு அவகாசம் இருந்தது. நமக்கு அவ்வளவு கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.